சீனிக்கிழங்கை அவிப்பது, சுடுவது, உடம்புக்குப் பார்த்துக் கொடுப்பது

சந்தையில் ஒரு கிலோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி, தோலைச் சீவி, துண்டு போட்டு, குக்கரில் நிறையத் தண்ணீர் ஊற்றி நான்கு விசில் விட்டுத் திறந்தால் கிடைப்பது சொதசொதவென்று ஒரு கூழ். இனிப்பில் பாதி தண்ணீரோடு போயிருக்கும். முதல் தடவை இப்படிச் சாப்பிட்டவர்கள், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று அதோடு கிழங்கையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம். சரியாகப் பார்த்து வாங்கி, நான்கு நாள் ஆறப்போட்டு, நிதானமாக வேகவைத்த கிழங்கைச் சாப்பிட்டால் அவர்களே அடுத்த வாரம் தேடிப் போய் வாங்குவார்கள்.

எங்கள் தென்காசிப் பக்கம் இதைச் சீனிக்கிழங்கு என்போம். மற்ற ஊர்களில் சக்கரவள்ளி, இலங்கையில் வற்றாளை. பொங்கலுக்குப் படைக்கும் கிழங்குகளில் பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனையோடு இதுவும் கட்டாயம் இருக்கும், அந்தச் சமயத்தில்தான் வரத்தும் அதிகம், விலையும் மலிவு.

மருந்து என்று தேடி வந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கிழங்கை யாரும் மருந்துப் பெட்டியில் வைத்ததில்லை. சாப்பாடாகத்தான் வைத்திருந்தார்கள். யாருக்கு, எந்த வேளையில், எதைச் சேர்த்து, எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் வைத்தியம் இருந்தது. அதனால் சமையலை முதலில் சொல்கிறேன், அது கைவந்தால் மற்றது தானாகப் புரியும்.

இது உருளைக்கிழங்குக்குச் சொந்தம் இல்லை

பெயரில் கிழங்கு இருப்பதால் உருளைக்கிழங்கின் இனிப்பு ரகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். உருளை, கத்தரி தக்காளியோடு சேர்ந்தது. அதன் இலையைச் சாப்பிடக் கூடாது, விஷம். சீனிக்கிழங்கோ குளத்தோரம் படரும் வள்ளைக்கீரைக்குப் பங்காளி. ஊதா நிறத்தில் புனல் மாதிரி பூக்கும் பூவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதன் கொழுந்தைத் தாராளமாகக் கீரையாகச் சமைக்கலாம். இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள்.

இது அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைத்ததாகக் கபிலர் பாடிய வள்ளிக்கிழங்கு காட்டில் விளையும் வேறு வகை. ஆகவே சங்க காலத்து மருந்து என்று யாராவது இதை விற்றால் நம்ப வேண்டாம். நானூறு, ஐந்நூறு வருடங்களாக நம் ஊர்ப் பெண்கள் இதை அவித்துப் பார்த்து, பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதே எனக்குப் போதுமான பெருமையாகத் தெரிகிறது.

பார்த்து வாங்குவது

பெரிய கிழங்காகப் பொறுக்காதீர்கள். ரொம்பப் பெரியது நார் ஓடியிருக்கும், வெளியே வெந்து நடுவில் வேகாமல் நிற்கும். உள்ளங்கையில் அடங்குகிற தடிமனில், இரண்டு முனையும் ஒடுங்கி, கையில் எடுத்தால் கனமாக இருப்பதே நல்லது. எல்லாம் ஒரே அளவாக எடுத்தால் ஒன்றாக வேகும். தோல் சிவப்பாக இருந்தால் உள்ளேயும் சிவப்பு என்று கணக்குப் போட முடியாது; நம் சந்தைகளில் வரும் சிவப்புத் தோல் கிழங்கு பெரும்பாலும் உள்ளே வெள்ளைதான். கடைக்காரரிடம் ஒன்றை ஒடித்துக் காட்டச் சொல்லலாம், காட்டுவார்கள்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பொத்தல். குண்டூசித் தலை அளவுக்குக் கரும்புள்ளிகளாகத் துளை இருந்தால் கூன்வண்டு புகுந்திருக்கிறது. அந்த வண்டு குடைந்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்பை ஊற வைக்கும், அது எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. வெட்டியதும் ஒரு கார நெடி அடித்தால், நாக்கில் கசந்தால், அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சமைக்காதீர்கள். முழுக் கிழங்கையும் தூக்கிப் போடுங்கள். மலிவான சாமான்தானே, ஒன்று போனால் போகட்டும்.

ஆறப்போடுவது

பலருக்கும் தெரியாத படி இதுதான். "ஏட்டி, பிடுங்குன அன்னைக்கே அவிக்காத, நாலு நாள் கெடக்கட்டும்" என்று ஆச்சி சொல்வாள். அன்று தோண்டிய கிழங்கு மாவாக இருக்கும், இனிக்காது. மண்ணைக் கழுவாமல், காற்றோட்டமான நிழலில், சாக்கின் மேல் ஒன்றோடு ஒன்று நெருக்காமல் பரப்பி வைத்தால் ஒரு வாரத்துக்குள் தோலில் இருக்கும் சிராய்ப்பு காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாவு கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பாக மாறும். வெளிநாட்டுப் பண்ணைகளில் இதற்கென்றே 30 டிகிரி வெக்கையும் ஈரக்காற்றும் உள்ள அறை வைத்து நான்கு முதல் ஏழு நாள் வைக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணையில் அந்த வெக்கை சும்மாவே கிடைக்கிறது.

பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிர் தாங்காத கிழங்கு இது. 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தாலே நடுப்பகுதி கட்டியாகிவிடும், எத்தனை மணி நேரம் அவித்தாலும் மெதுவாகாது. வேகவைத்ததை மட்டும் மூடி உள்ளே வைக்கலாம், மூன்று நாள் வரை.

அவிப்பது

அரைக் கிலோ கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தோல் கிழியாமல் தேய்த்து மண்ணைக் கழுவுங்கள். தோலைச் சீவ வேண்டாம், துண்டு போடவும் வேண்டாம், பானைக்குள் அடங்காத நீளமானதை மட்டும் இரண்டாக ஒடித்துக்கொள்ளலாம். ஒடித்த இடத்தில் பால் வரும். அது கையில் பட்டால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும், முன்னாலேயே துளி எண்ணெய் தடவிக்கொண்டால் பிடிக்காது.

பழகாதவர்களுக்கு இட்லிக் கொப்பரை நல்ல வழி. தட்டின் மேல் கிழங்கை வைத்து, அடியில் தண்ணீர் ஊற்றி, மிதமான தீயில் ஆவியில் அரை மணி நேரம். ஈர்க்கைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். ஊர்ப்பக்கம் பானையில் அவிக்கும்போது கிழங்கு பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு கருப்பட்டி போட்டு மூடி, வெந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, வெறும் பானையை மறுபடி தணலின் மேல் பத்து நிமிடம் மூடி வைப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஈரம் வற்றித் தோல் சுருங்கும், சதை இறுகி மாவாகும். குக்கரில் செய்பவர்கள்கூட இந்தக் கடைசிப் படியைச் செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

தீயை ஏன் குறைக்கச் சொல்கிறேன் என்றால், கிழங்குக்குள்ளேயே மாவை இனிப்பாக மாற்றும் ஒரு நொதி இருக்கிறது. சுமார் 60 முதல் 75 டிகிரிச் சூட்டில்தான் அது மும்முரமாக வேலை செய்யும், அதைத் தாண்டிச் சூடு ஏறினால் நின்றுவிடும். சூடு மெல்ல ஏறினால் அதற்கு நேரம் கிடைக்கிறது. குக்கர் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை நோய் பற்றிச் சொல்லும்போது மறுபடி தேவைப்படும்.

தொட்டுக்கொள்ள என்ன? சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் புளி, கல் உப்பு நான்கையும் அம்மியில் வைத்து ஒன்றிரண்டாக நசுக்கி, மேலே நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால் போதும். இனிப்புக் கிழங்குக்குக் காரமா என்று யோசிக்காதீர்கள். ஒரு வாய் சாப்பிட்டால் புரியும், கூடவே கடுங்காப்பி. மீன் குழம்பு இருந்தால் இன்னும் நல்லது. கிழங்கில் புரதம் குறைவு, 100 கிராமில் 1.6 கிராம்தான், அதனால் பயறோ மீனோ முட்டையோ பக்கத்தில் இருந்தால்தான் அது ஒரு வேளைச் சாப்பாடாகும்.

பச்சையாகக் கடித்துத் தின்னும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. நிறையத் தின்றால் வயிறு உப்பும். புரதம் செரிக்கவிடாமல் தடுக்கும் ஒரு பொருள் பச்சைக் கிழங்கில் இருக்கிறது. வேகவைத்தால் அதன் பெரும்பகுதி அழிந்துவிடும்.

தணலில் சுடுவது

சமையல் முடிந்து, விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தபின் அடுப்பில் கங்கும் சாம்பலும் மட்டும் கிடக்குமே, அந்த நேரத்துக்குத்தான் கிழங்கு காத்திருக்கும். ஆச்சி அகப்பைக் காம்பால் சாம்பலை ஒதுக்கிக் குழி மாதிரி செய்து, நான்கைந்து கிழங்கை வரிசையாக வைத்து, மேலே சாம்பலை மூடி, அதன்மேல் கங்கைப் பரப்புவாள். கங்கு நேராகக் கிழங்கில் படக் கூடாது, நடுவில் சாம்பல் மெத்தை மாதிரி இருக்க வேண்டும். கழுவிய கிழங்கு என்றால் ஈரம் துடைத்துத்தான் வைக்க வேண்டும். அப்புறம் முக்கால் மணி நேரம் யாரும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. இடையில் ஒரே ஒரு தடவை புரட்டிவிடுவாள்.

வெந்ததை ஆச்சி தொட்டுப் பார்க்க மாட்டாள், சத்தத்தைக் கேட்பாள். தோல் வெடித்த இடத்தில் பாகு கசிந்து சாம்பலில் விழும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம், அதோடு கருப்பட்டி காய்ச்சும் வாசனை. அப்போது எடுத்தால் சரியாக இருக்கும். எடுத்துச் சாம்பலைத் தட்டி, பூவரச இலையில் வைத்து இரண்டாகப் பிட்டால் ஆவி பறக்கும், தோலுக்கும் சதைக்கும் நடுவில் தேன் நிறத்தில் மெல்லிய பாகு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் முதலில் அந்த இடத்தைத்தான் நக்குவேன், இப்போதும் அப்படித்தான்.

விறகடுப்பு இல்லாதவர்கள் அடிகனமான இரும்புச் சட்டியில் கல் உப்பு ஒரு விரல்கடை பரப்பி, அதன்மேல் கிழங்கை வைத்து மூடி, மிகச் சிறிய தீயில் ஒரு மணி நேரம் விடலாம். அரை மணிக்கு ஒருமுறை புரட்டினால் போதும். தணலில் சுட்டதற்குப் பக்கத்தில் வரும். டெல்லியில் குளிர்காலம் வந்தால் வண்டிக்காரர்கள் கரியில் சுட்ட கிழங்கைத் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவிக் கொடுப்பார்கள். அதையும் இதே சட்டிக் கிழங்கில் செய்து பார்க்கலாம்.

கொழுந்துக் கீரை

நம் ஊரில் கொடியை ஆட்டுக்குத்தான் போடுகிறோம். பிலிப்பைன்ஸ், தான்சானியா கிராமங்களில் அதே கொழுந்து அன்றாடக் கீரை. கிழங்கை விடப் புரதமும் ஃபோலேட்டும் இலையில் அதிகம். இதை இங்கே ஏன் விட்டோம் என்று தெரியவில்லை, எனக்கு ஆதங்கம்தான்.

நுனியிலிருந்து ஒரு சாண் நீளம் மட்டும் கிள்ளுங்கள், முற்றிய இலை நாராக இருக்கும். பூச்சிமருந்து அடித்த வயலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு தண்ணீரில் அலசி, நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்துவிட்டால் துவர்ப்பு போய்விடும். பிறகு வெந்த பாசிப்பருப்பு, பூண்டு, சீரகம் சேர்த்துக் கூட்டாக வைக்கலாம், அல்லது கடுகு, மிளகாய் வற்றல் தாளித்துத் தேங்காய் போட்டுப் பொரியலாக எடுக்கலாம். முருங்கைக்கீரை சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இது சிரமமே இல்லை.

உடம்புக்குக் கொடுப்பது

மலச்சிக்கல்தான் முதலில். எங்கள் வீட்டில் இரண்டு நாள் வெளியே போகாத பிள்ளைக்கு மூன்றாம் நாள் காலையில் தோலோடு அவித்த கிழங்கு ஒன்று, கூடவே ஒரு செம்பு வெந்நீர். 100 கிராம் கிழங்கில் 3 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, தோலையும் தின்றால் கூடுதல். தண்ணீர் குடிக்காமல் கிழங்கை மட்டும் தின்றால் இன்னும் இறுகிக்கொள்ளும், செம்பை மறக்கக் கூடாது. பெரியவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் காலை உணவாக இது இருந்தாலே போதும். வயிற்றுப்போக்கு இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கு வாய் எதற்கும் பிடிக்காது, சோறு இறங்காது, ஆனால் உடம்புக்குத் தெம்பு வேண்டும். அந்தச் சமயத்தில் ஒரு சின்னக் கிழங்கை அவித்துத் தோல் உரித்து மத்தால் மசித்து, நொய்க்கஞ்சியில் கரைத்து, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, கருப்பட்டி கொஞ்சம் போட்டுத் தருவார்கள். விழுங்கவும் எளிது, பசியும் தாங்கும். சுக்கு சும்மா வாசனைக்கு இல்லை. கிழங்கு சிலருக்கு வாய்வு பண்ணும், சுக்கோ மிளகோ பூண்டோ சேர்ப்பது அதற்குத்தான். வாய்வு உள்ளவர்கள் இரவில் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது இது அருமையான முதல் உணவு. அவித்து, தோலும் நாரும் எடுத்து, தாய்ப்பாலோ ஆறிய வெந்நீரோ விட்டுக் கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். முதல் நாள் இரண்டு சிறு கரண்டி போதும். கருப்பட்டி, தேன், உப்பு எதுவும் வேண்டாம், கிழங்கில் இருக்கும் இனிப்பே தாராளம். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. உருண்டையாக, துண்டாகக் கையில் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

மாலைக்கண் பற்றிப் பேசும்போது சதையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வது ஆரஞ்சுச் சதை உள்ள கிழங்குக்கு மட்டும்தான் பொருந்தும். வெள்ளைச் சதையில் வைட்டமின் ஏ ஆகும் சத்து அநேகமாக இல்லை. ஆரஞ்சு ரகத்தில் 125 கிராம் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஏ முழுவதையும் கொடுத்துவிடும், ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். மொசாம்பிக், உகாண்டா கிராமங்களில் வெள்ளைக் கிழங்குக்குப் பதில் ஆரஞ்சுக் கிழங்கைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக 2016இல் மரியா அந்த்ராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஸ்ரீ கனகா, பூ சோனா என்ற ஆரஞ்சு ரகங்களும், பூ கிருஷ்ணா என்ற ஊதா ரகமும் அந்த நிறுவனம் உருவாக்கியவை. பிள்ளைகள் உள்ள வீட்டில் நடுவதாக இருந்தால் பூ சோனாக் கொடிக்கு அலைவது வீண் போகாது.

இலைப் பற்று. கட்டி கிளம்பினால் இலையில் விளக்கெண்ணெய் தடவித் தணலில் வாட்டி, பொறுக்கும் சூட்டில் வைத்துக் கட்டுவார்கள். வேறு நாட்டுக் கிராமங்களிலும் இந்த இலையை அரைத்துக் கட்டிக்குப் போடும் வழக்கம் உண்டு. இதம் தருவது உண்மைதான், என் அனுபவத்தில் அந்த வெதுவெதுப்புக்கே பாதிப் பலன். ஆனால் கட்டி உடைந்து புண்ணாகிவிட்டால் இலையை வைக்காதீர்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் கட்டி வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள்

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, பதிலும் இரண்டு விதமாகச் சுற்றுகிறது. தொடவே கூடாது என்று ஒரு பக்கம், சர்க்கரையையே குணமாக்கும் என்று இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை. குணமாக்கும் என்பதற்குப் போதிய சான்று கிடையாது, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிழங்கைத் தின்பது ஆபத்து.

எப்படிச் சமைத்தது என்பதுதான் கேள்வியே. ஜமைக்காவில் 10 ரகங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாகச் சமைத்து ஆட்களுக்குக் கொடுத்து அளந்தார்கள். தண்ணீரில் அவித்தவற்றின் சர்க்கரை ஏற்றக் குறியீடு (சாப்பிட்டது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்ற அளவு) 41 முதல் 50 வரை, சுட்டவற்றுக்கு 79 முதல் 93 வரை வந்தது. முன்னால் சொன்னேனே, மெல்லச் சூடேறினால் மாவு இனிப்பாகும் என்று. அதே காரணம்தான். தணலில் சுட்ட கிழங்கின் அந்தத் தேன் பாகு நாக்குக்கு எவ்வளவு சுகமோ, ரத்தத்தில் அவ்வளவு வேகமாக ஏறும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் அவித்தது மட்டும், 100 கிராம் அளவில், சோற்றையோ இட்லியையோ குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சாப்பிடலாம். சோறும் தின்று கூடுதலாகக் கிழங்கும் என்றால் கணக்கு ஏறத்தான் செய்யும். பொரியல், பயறு சேர்த்துச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்து பாருங்கள். உங்கள் உடம்பு சொல்வதுதான் கடைசிப் பேச்சு.

சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இதை அன்றாட உணவாக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கொழுந்துக் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அதில் அதிகம்.

மாடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்

நமக்கு ஆகாத கிழங்கு மாட்டுக்கு ஆகும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அத்தை வீட்டில் மூலையில் கிடந்து பூசணம் பிடித்த அரைச் சாக்குக் கிழங்கை, வீணாகிறதே என்று பசுவுக்குக் கொட்டினார்கள். மறுநாள் அது கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கியது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டும் நான்காம் நாள் போய்விட்டது. பூசணம் பிடித்த சீனிக்கிழங்கில் உருவாகும் நஞ்சு மாட்டின் நுரையீரலைத்தான் பிடிக்கும், அவித்துப் போட்டாலும் அது போகாது என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நல்ல கிழங்கும் நல்ல கொடியும் மாட்டுக்கு அருமையான தீனி. அழுகியதையும் பூசணம் பூத்ததையும் வண்டு குடைந்ததையும் மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

கொடி நடுவது

இடமே இல்லை என்றாலும் ஒரு சாக்குப் பை போதும். சந்தையில் வாங்கிய நல்ல கிழங்கில் ஒன்றை ஈர மணலில் பாதி புதைத்து வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் முளை கிளம்பிக் கொடியாகும். ஊரில் யாரிடமாவது கொடி கேட்டால் இன்னும் சுலபம், அறுவடைச் சமயத்தில் வேண்டிய மட்டும் கொடுப்பார்கள். நுனிப் பக்கம் ஒரு சாண், நான்கைந்து கணு உள்ளதாக வெட்டி, கீழே உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். மண் இளக்கமாக, மணல் கலந்த செம்மண்ணாக இருந்தால் கிழங்கு நேராக இறங்கும். நிலத்தில் என்றால் இரண்டடிக்கு ஒரு பார் பிடித்து, முக்கால் அடிக்கு ஒரு கொடி.

யூரியாவும் சாணமும் அள்ளிப் போட்டால் கொடி காடு மாதிரி படரும், கீழே கிழங்கு இருக்காது. சாம்பல் போடுங்கள், அதில் பொட்டாஷ் சத்து இருக்கிறது. கொடி கணுவுக்குக் கணு வேர் விட ஆரம்பித்தால் தூக்கித் திருப்பிவிட வேண்டும். கிழங்கு பருக்கும்போது மண் வெடித்துப் பிளவு விடும், கூன்வண்டு அந்தப் பிளவு வழியாகத்தான் இறங்குகிறது, பார்க்கும்போதெல்லாம் மண் அணைத்து மூடிவிடுங்கள்.

மூன்று மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் அடி இலைகள் மஞ்சளாகும். அப்போது ஓரத்தில் ஒரு கிழங்கை மட்டும் தோண்டி ஒடித்து, ஒடித்த இடத்தைக் கொஞ்ச நேரம் காற்றில் வையுங்கள். பால் காய்ந்து அந்த இடம் வெள்ளையாகவே இருந்தால் விளைந்துவிட்டது, கறுத்தால் இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டும். விளைந்ததும் முதலில் கொடியை அறுத்துச் சுருட்டி நிழலில் வைத்து, அடுத்த நடவுக்கு நுனிக் கொடி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, அப்புறம் மண்வெட்டியைக் கிழங்கில் படாமல் தள்ளிப் போட்டு மண்ணோடு பெயர்த்துக் கையால் பொறுக்குங்கள். வெட்டுப்பட்டதை அன்றைக்கே குழம்பில் போடலாம், மற்றது நான்கு நாள் திண்ணையில் கிடக்கட்டும்.